நாப்பத்திமூணாவது தலை

அக்டோபர் 14, திங்கள்

லியூப்லியானாவுக்கு வந்து முப்பத்திரண்டு நாளாச்சு. ஸ்லோவேனியாவுக்குப் போறேன்னு சொன்னப்ப ஊர்ல பாதிப் பேரு "ஆப்பிரிக்காவா?"ன்னு கேட்டாங்க. மீதிப் பேரு "அங்க சோறு கிடைக்குமா?"ன்னு கேட்டாங்க. ஒரே ஒரு செமஸ்டர், எக்ஸ்சேஞ்ச் ஸ்டூடண்ட், ஜனவரில திரும்பி வந்துருவேன்னு விளக்கி வாய் வலிச்சதுதான் மிச்சம்.

இன்னைக்கும் அப்பா மூணு தடவை கூப்பிட்டாரு. எடுக்கல. வந்ததுலேருந்து எடுக்கல. உடனே அம்மா லைன்ல வந்துட்டா.

"ஏன்டி, அந்த மனுசன் என்ன கேக்குறாரு? ஒரே ஒரு தடவை வீடியோல அந்த ஊரைக் காட்டுன்னுதான கேக்குறாரு? அங்க டூரெல்லாம் எப்படி நடத்துறாங்கன்னு பாக்கணுமாம்."

பாக்கணுமாம்! எங்க அப்பா சௌந்தரபாண்டி அருப்புக்கோட்டையில டூர் நடத்துறவரு. ஓட்டை பஸ் ஒண்ணு, அதுல நாப்பத்திரண்டு சீட்டு, டிரைவர் காசி மாமா, ஒரு விசில், ஒரு மஞ்சத் தொப்பி. அவ்வளவுதான் கம்பெனி. மூணு நாள்ல அறுபடை வீடு முடிச்சிருவாரு. கோயில் வாசல்ல இறக்கிவிட்டு "இருபது நிமிசம்!"னு விசிலடிச்சா சாமியே பதறிப்போய் தரிசனம் குடுத்துரும்.

வண்டி எங்க வீட்டு வாசல்லேருந்துதான் கெளம்பும். நான் மாடியில நின்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். ஒவ்வொரு தலைக்கு மேலயும் பேனாவை நீட்டி நீட்டி சத்தமா எண்ணுவாரு. அதாவது ஒழுங்கா வருமா? வராது. நாப்பத்திரண்டு சீட்டு வண்டியில நாப்பத்திமூணுன்னு முடிப்பாரு. ஒவ்வொரு தடவையும்! "அண்ணாச்சி, இன்னைக்கும் ஒண்ணு கூடிருச்சா?"ன்னு வண்டியே சிரிக்கும். இவரும் சேந்து இளிப்பாரு. இருபது வருசமா இதே பொழப்பா இருக்கற ஆளுக்கு நாப்பத்திரண்டு வரைக்கும் எண்ணத் தெரியல.

மதுரை ஏர்போர்ட்டுக்கும் அதே தொப்பியோட வந்தாரு. "பொட்டி ரெண்டு, பை ஒண்ணு, ஆக மொத்தம் நாலு, எல்லாம் சரியா இருக்கு"ன்னு ஊருக்கே கேக்குற மாதிரி எண்ணினாரு. பக்கத்துல நின்ன பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிரலாம்னு இருந்துச்சு.

நான் அந்த வண்டியில ஏறி பதினோரு வருசமாச்சு. இனிமேலும் ஏற மாட்டேன்.

அக்டோபர் 16, புதன்

வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸ் கிளப்புல சனி ஞாயிறு டூர் போட்டிருக்காங்க. ப்ளெட் ஏரி, போஹின் ஏரி, ஒரு அருவி. பேர் குடுத்துட்டேன். ரூம்ல உக்காந்து ரொட்டியைக் கடிக்கிறதுக்கு இது பரவாயில்ல.

அக்டோபர் 18, வெள்ளி

துணி துவைச்சேன். ஒரு சாக்ஸைக் காணோம்.

அக்டோபர் 19, சனி
போஹின், ஹாஸ்டல் அறை

என் தலையெழுத்து, டூரை விட்டு ஓடி வந்தவ டூர்லயே வந்து மாட்டிக்கிட்டேன்.

காலையில பஸ் கெளம்பும்போது நேஜான்னு ஒரு பொண்ணு, இந்த ஊருக்காரி, அவதான் இந்த டூருக்குப் பொறுப்பு, முன்னாடி நின்னுக்கிட்டு "எல்லாரும் வந்தாச்சா?"ன்னு கேட்டா. பின்னாடி இருந்து நாலு பேரு "வந்தாச்சூ"ன்னு கத்துனாங்க. உடனே "சரி, போலாம்"ங்கிறா! வராதவன் எப்படிம்மா வரலைன்னு கத்துவான்? எனக்கு வாய் சும்மா இருக்காதே. "இப்படியா எண்ணுவாங்க?"ன்னு கேட்டுத் தொலைச்சேன்.

"உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"எங்க அப்பா சுற்றுலாத் துறையில இருக்காரு"ன்னேன். பெரிய மந்திரி மாதிரி.

அவ்வளவுதான், லிஸ்ட்டை எடுத்து என் கையில திணிச்சிட்டா. லிஸ்ட்ல என்னையும் சேத்து இருபத்தெட்டுப் பேரு. இனிமே ஒவ்வொரு இடத்துலயும் எண்ணுறது என் வேலை. பேனாவை மட்டும் நீட்ட மாட்டேன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். ஒவ்வொரு பேராப் பாத்து டிக் அடிக்கணும். படிச்சவ எண்ணுறது எப்படின்னு காட்டுறேன்.

லிஸ்ட்ல இல்லாத உருப்படி ஒண்ணு கூட வந்திருக்கு. ஜார்ஜியாவுலேருந்து வந்து படிக்கிற லெவான்னு ஒருத்தன், அவனோட அம்மா மனானா. மகனைப் பாக்க நேத்துத்தான் வந்து இறங்குச்சாம். பஸ்ல ரெண்டு சீட்டு காலியா இருக்கேன்னு இவன் நேஜாகிட்ட கெஞ்சி ஏத்திட்டான். ஏத்தினவன் பக்கத்துல உக்கார வச்சிக்கணுமா இல்லையா? அவன் பின்சீட்ல கூட்டாளிகளோட கூத்தடிக்கிறான். அந்தம்மா எங்க உக்காந்துச்சு? என் பக்கத்துல.

இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. அதனால என்ன, ஜார்ஜியன்லயே பேசுது. நிறுத்தவே இல்ல. நான் ஜன்னலைப் பாத்தா, அதுவும் என் மேல சாஞ்சு ஜன்னலைப் பாக்குது. அவிச்ச முட்டையை உரிச்சுக் குடுக்குது. வேண்டாம்னா விடுதா? பாதியைப் பிச்சு வாய்கிட்டயே கொண்டுவருது. அப்புறம் நூல்ல கோத்த வால்நட்டைத் திராட்சைச் சாறுல முக்கிக் காயவச்ச ஏதோ ஒண்ணு, பாக்குறதுக்கு மெழுகுவத்தி மாதிரி. நல்லாத்தான் இருந்துச்சு. அதைச் சொல்லலை, சொன்னா இன்னொண்ணு வரும்.

ப்ளெட் ஏரி. ஐயோ சாமி, இதுக்கா இந்த அலப்பறை! நடுவுல ஒரு தீவு, தீவுல ஒரு சர்ச்சு. மரப் படகுல ஒரு ஆள் நின்னுக்கிட்டே துடுப்புப் போடுறாரு. இறங்குனதும் தொண்ணூத்தொம்பது படி. நம்ம பழனியில இதெல்லாம் ஒரு கணக்கா? மேல ஒரு மணி இருக்கு, கயித்தை இழுத்து அடிச்சா நெனச்சது நடக்குமாம். இவ்வளவு முன்னேறின நாடு, கடைசியில வரிசையில நின்னு வேண்டுதல் வைக்குது. அந்தம்மா மணியை அடிச்சிட்டு, என் கையையும் பிடிச்சுக் கயித்துல வச்சு இழுக்க வச்சுச்சு. நான் எதுவும் வேண்டிக்கல.

எல்லா எடத்துலயும் எண்ணினேன். இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தெட்டு. ஒண்ணு கூடவும் இல்ல, குறையவும் இல்ல. நேஜா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினா.

ஹாஸ்டல்ல சூப்புன்னு சுடுதண்ணி ஊத்தினாங்க. அப்பா ரெண்டு தடவை கூப்பிட்டாரு. நாளைக்கு அவருக்கும் டூர் இருக்காம், ராமேஸ்வரம், அம்மா மெசேஜ் போட்டிருக்கா. அதுக்கு நான் என்ன பண்ணணுமாம்?

அக்டோபர் 20, ஞாயிறு
காலை

இன்னைக்கு அருவி. பேரு சவிட்சா. ஐந்நூறு படி ஏறணுமாம். அருவின்னாலே எனக்கு ஆகாது. ஏன்னு எழுத மாட்டேன்.

மதியம் 1.45, பஸ்ல

பாத்தாச்சு. அருவியாம் அருவி! அருவின்னா தலையைக் குடுத்து நிக்கணும், முதுகுல நாலு சாத்து வாங்கணும், எண்ணெய் தேச்ச ஆளுங்க வழுக்கி விழணும். இங்க என்னடான்னா படி முழுக்கக் கைப்பிடிக் கம்பி, மேல போனா ஒரு வேலி, வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு நல்ல பிள்ளையாப் பாத்துட்டு இறங்கி வரணும். குளிக்கத் தடை. இதை ஜுரம் வந்தவன் கட்டில்ல படுத்துக்கிட்டே டிவில பாத்துக்கலாம்.

குளிருன்னா குளிரு, காது ரெண்டும் இருக்குதா இல்லையான்னே தெரியல. அந்தம்மா படி இறங்குற வரைக்கும் என் கையை விடல. கீழ வந்ததும் டிக்கெட் குடிசைப் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொல்லுச்சு, தோள்ல கிடந்த கம்பளிச் சால்வையை எடுத்து என் மேல போத்திட்டுப் போச்சு. நான் லிஸ்ட்ல டிக் அடிச்சிக்கிட்டு இருந்தேன். சரி சரின்னு தலையை ஆட்டினேன்.

இருபத்தெட்டு. எல்லாரும் ஏறியாச்சு. நேஜாகிட்ட "ஓகே"ன்னேன், வண்டி எடுத்தாச்சு.

அப்பாடா! ரெண்டு நாள்ல முதல் தடவையா பக்கத்து சீட்டு காலியா இருக்கு. அந்தம்மாவுக்கு இப்பவாவது புத்தி வந்து பின்னாடி மகன்கிட்ட போயிருச்சு போல. முட்டை இல்ல, பேச்சு இல்ல. சால்வை மட்டும் எங்கிட்டயே கிடக்கு. கருஞ்சிவப்பு, நல்ல கனம். இறங்கும்போது குடுத்துக்கலாம். கொஞ்ச நேரம் தூங்கப் போறேன்.

அதே நாள், 4.30
ராடோவ்லிட்சா, ஒரு காபிக் கடை

வண்டி இந்த ஊருக்கு வந்தப்ப மணி 2.20. தேனீக்கு ஒரு மியூசியம் வச்சிருக்காங்க, அதைப் பாக்கத்தான் நிறுத்தம். இறங்கி நின்னு எண்ணினேன், இருபத்தெட்டு. லெவான் கண்ணைக் கசக்கிக்கிட்டே எங்கிட்ட வந்தான்.

"அம்மா எங்க?"

"உன்கூடத்தான இருந்தாங்க?"

"இல்லையே. உன் பக்கத்து சீட்டுதான அவங்களுது?"

அப்புறம் என் தோளைப் பாத்தான். சால்வையைப் பாத்தான்.

நேஜா ஓடி வந்தா. "எண்ணினேன்னு சொன்னியே?"

நான் லிஸ்ட்டை அவ மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். குரலை வேற உசத்தினேன். "சரியாத்தான் எண்ணினேன்! லிஸ்ட்ல இருபத்தெட்டு, தலை இருபத்தெட்டு. லிஸ்ட்ல இல்லாத ஆளை நான் எப்படி எண்ணுறது?"

சொல்லி முடிச்சப்புறம்தான் உறைச்சுது. இதே வார்த்தையை நான் இதுக்கு முன்னாடி கேட்டிருக்கேன்.

சரி, எழுதித் தொலைக்கிறேன்.

ஒம்பது வயசு. குற்றாலம், ஐந்தருவி, சீசன் கூட்டம். பள்ளிக்கூடம் லீவுன்னு அப்பா என்னையும் டூர்ல கூட்டிட்டுப் போனாரு. நாப்பத்திரண்டு சீட்டும் டிக்கெட்டு ஆளுங்களுக்கு. எனக்கு எஞ்சின் பெட்டி மேல ஒரு தலைகாணி போட்டு எடம். செருப்பைத் தேடிக்கிட்டு இருந்தேன், திரும்பிப் பாத்தா வண்டி இல்ல. காசி மாமா நான் பின்னாடி யாரு மடியிலயோ தூங்குறேன்னு நெனச்சாராம். மூணு மணி நேரம். மங்குஸ்தான் விக்கிற அக்கா ஒருத்தி என்னைக் கூடைக்குப் பக்கத்துல உக்கார வச்சிருந்தா. அப்பா ஓடி வந்தாரு. அந்த அக்கா கேட்டா, "ஏய்யா, பெத்த பிள்ளையை எண்ணலையா?" அதுக்கு அவரு, "டிக்கெட்டு நாப்பத்திரண்டு, தலை நாப்பத்திரண்டு. சரியாத்தான எண்ணினேன்"ன்னாரு. அப்புறம் எனக்கு ஒரு அறை விட்டாரு. எனக்கு! அதோட அந்தப் பேச்சை எங்க வீட்டுல யாரும் எடுக்கவே இல்ல. ஸாரின்னு ஒரு வார்த்தை இன்னைக்கு வரைக்கும் அவரு வாயிலேருந்து வந்ததில்ல.

நான் டிக்கெட்டு இல்ல. அதனால நான் தலையும் இல்ல. பதினோரு வருசமா இதைத்தான் நெனச்சிக்கிட்டு இருக்கேன்.

மத்தவங்களை மியூசியத்துல விட்டுட்டு டிரைவரு, லெவான், நான் மூணு பேரும் திரும்பிப் போனோம். நேஜாதான் "நீயும் போ"ன்னு சொன்னா. அந்தம்மாகிட்ட ஃபோனும் இல்ல, மேல் தட்டுல வச்ச பையோட பஸ்லயே கிடக்கு. லெவான் வழி முழுக்க நகத்தைக் கடிச்சான். அவன் என்னைத் திட்டியிருந்தா பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். திட்டலை.

3.10க்குப் போய்ச் சேந்தோம். டிக்கெட் குடிசை பூட்டியிருந்துச்சு. கழிப்பறைக்கு எதுத்தாப்புல ஒரு பெஞ்சு. அதுல அந்தம்மா ரெண்டு கையையும் அக்குள்ல திணிச்சிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. உதடு நீலம் பாரிச்சிருந்துச்சு. கழிப்பறைக்குப் போறேன், இதைப் பிடின்னுதான் கையைக் காட்டியிருக்கு. நானும் தலையை ஆட்டியிருக்கேன். தலையை ஆட்டினவளை நம்பித்தான் போயிருக்கு.

மகனைப் பாத்ததும் எந்திரிச்சு வந்து அவன் நெஞ்சுல குத்துச்சு, அப்புறம் கட்டிப் பிடிச்சு அழுதுச்சு. நான் சால்வையை நீட்டினேன். வாங்கிக்கிச்சு. என் மூஞ்சியைப் பாக்கல. நான் "ஸாரி, ஸாரி"ன்னு ரெண்டு தடவை சொன்னேன், அந்தச் சனியன் பிடிச்ச வார்த்தை அதுக்குப் புரிஞ்சிருக்கும். புரிஞ்சும் பாக்கல. சால்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துச் சுத்திக்கிட்டு பஸ்ல ஏறி, என் சீட்டைத் தாண்டிப் போயி, கடைசி வரிசையில மகன் பக்கத்துல உக்காந்துச்சு.

வண்டி கெளம்புச்சு. பக்கத்து சீட்டு காலி. முட்டை ஓட்டுத் துணுக்கு ஒண்ணு சீட்டு இடுக்குல கிடந்துச்சு.

ஃபோனை எடுத்தேன். ஏன்னு கேக்காத. அப்பாவைக் கூப்பிட்டேன்.

முதல் ரிங்லயே எடுத்துட்டாரு. "பாப்பா! பாப்பா, ஒரே நிமிசம், வச்சிராத. டீக்கு நிறுத்தினோம், வண்டி கெளம்பப்போகுது, எண்ணிட்டு வந்துர்றேன். வச்சிராத!"

ஃபோனைச் சட்டைப் பையில போட்டுட்டாரு போல. கரகரன்னு ஒரே சத்தம். அதுக்குள்ளாற அவரு குரல். ஒண்ணு, ரெண்டு, மூணு. யாரோ ஒரு பாட்டையா "நான் இங்கன இருக்கேன் அண்ணாச்சி"ங்கிறாரு. இருபது, இருபத்தொண்ணு. பின்னாடி போகப் போக அவருக்கு மூச்சு வாங்குது. நாப்பது, நாப்பத்தொண்ணு, நாப்பத்திரண்டு. கொஞ்சம் நிறுத்தினாரு.

"நாப்பத்திமூணு."

வண்டி சிரிச்சுது. "இந்தா, அண்ணாச்சிக்கு மறுபடியும் கூடிருச்சு!"

அப்ப தூரத்துலேருந்து காசி மாமா சத்தம் போட்டாரு. சாப்பிட்டாச்சான்னு கேக்குற மாதிரி சாதாரணமா, தினமும் கேக்குறதை இன்னைக்கும் கேட்டாரு. "அண்ணாச்சி, பாப்பாவை எண்ணியாச்சுல்ல? எடுக்கட்டுமா?"

"எண்ணியாச்சு. எடு."

அவரு ஃபோனைக் காதுல வச்சு "சொல்லு பாப்பா, சொல்லு"ங்கிறாரு.

"அப்பா, வண்டியில சீட்டு நாப்பத்திரண்டுதான?"

அவரு விசிலை ஒரு தடவை ஊதினாரு, வண்டி கெளம்புற சத்தம் கேட்டுச்சு.

"ஆமா"ன்னாரு. "அது ஒரு பழக்கம். ரொம்ப நாளாச்சு. நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"அங்கன குளுருதா?"

"இல்ல"ன்னேன். பல்லு டகடகன்னு அடிச்சிக்கிட்டு இருந்துச்சு.

ராடோவ்லிட்சாவுக்கு வந்து இந்தக் காபிக் கடையில உக்காந்திருக்கேன். லிஸ்ட்டை நேஜாகிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன். வாங்கிக்கிட்டா. ஒரு பேச்சுக்காவது வேண்டாம்னு சொல்லலாம்ல, சொல்லல. இவ்வளவு நாளா நாப்பத்திரண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதவருன்னு ஒருத்தரைப் பாத்துச் சிரிச்சேன். இருபத்தெட்டு வரைக்கும் சரியா எண்ணின மகராசி நான்.

அக்டோபர் 21, திங்கள்

சாக்ஸ் கிடைச்சிருச்சு, மெஷினுக்குள்ளயே ஒட்டியிருந்துச்சு.

லெவானுக்கு மெசேஜ் போட்டேன், அம்மாவுக்கு எப்படி இருக்குன்னு. சளி பிடிச்சிருக்காம். "கோபமா இருக்காங்களா?"ன்னு கேட்டேன். "ஆமா"ன்னு மட்டும் பதில் வந்துச்சு. இருக்கட்டும். பதினோரு வருசம் வரைக்கும் வச்சிக்கலாம், எனக்கு அனுபவம் இருக்கு.

சாயங்காலம் அப்பாவுக்கு அருவி ஃபோட்டோ பத்து அனுப்பினேன். நடந்ததை அவருகிட்ட சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. டைப் பண்ணத் தெரியாத மனுசன், வாய்ஸ் மெசேஜ் போட்டாரு. பின்னாடி யாரோ பஸ் கழுவுற சத்தம்.

"பாப்பா, எல்லாம் பாத்தேன். தண்ணி கொஞ்சமாத்தான் விழுகுது, நம்ம ஐந்தருவி மாதிரி வராது. ஆனா படிக்குப் படி கம்பி போட்டிருக்கான் பாரு, மேல வேலியும் போட்டிருக்கான். கெட்டிக்காரங்க. அந்த ஊர்லல்லாம் பிள்ளைக தொலையாது."

நாலு தடவை கேட்டேன். அப்புறம் வீடியோ கால் போட்டேன்.